தோட்டத் தொழிலும் ஏட்டுச் சான்றும்: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதித் தமிழரிடையே காகிதப் பதிவின் மதிப்பு

முன்னுரை

பணியிடத்தில் எழுதப்பெறும் பதிவேடு நிருவாகத்தாருக்கு ஒரு கணக்கு. அதில் பெயர் ஏறிய தொழிலாளிக்கோ அது பல வேளைகளில் வாழ்வுச் சான்றாக அமைந்துவிடுகிறது. கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழக எல்லையை ஒட்டிய மலைத்தோட்டங்களில் மின்னணுப் பதிவினும் காகிதத்தையே பெரிதும் நம்பும் மனப்பான்மையைக் காணலாம். இதனை எழுத்தறிவுக் குறைவு என்றோ, புதுமைக்கு அஞ்சும் இயல்பு என்றோ ஒதுக்குவது பொருந்துமா என்பதை வரலாற்று நோக்கில் ஆராய முற்படுகிறது இக்கட்டுரை.

தோட்டமும் எழுத்தும்

மூணாற்றுத் தோட்டங்களின் வரலாறே ஓர் எழுத்தாவணத்திலிருந்துதான் தொடங்குகிறது. 1877 ஜூலை 11 அன்று பூஞ்ஞாறு அரச குடும்பத்தார் ஜான் டேனியல் மன்றோ என்பவருக்குக் கண்ணன் தேவன் மலைப்பகுதியை எழுதிக் கொடுத்தனர். 1971 இல் கேரள அரசு கண்ணன் தேவன் மலைநிலங்களை மீட்கும் சட்டத்தை இயற்றியது. அதற்குப் பின்னும் மூணாற்று நில வழக்குகளில் அப்பழைய ஆவணம் மீண்டும் மீண்டும் பேசப்பட்டது.

நிலம் பெற்றவரிடம் பத்திரம் இருந்தது. அந்நிலத்தைத் தோட்டமாக்கிய தமிழ்த் தொழிலாளரிடம் அத்தகைய பத்திரம் எதுவும் இல்லை. கங்காணிகளால் அழைத்து வரப்பெற்று லயங்களில் குடியமர்த்தப்பட்ட அவர்களின் இருப்பு, ‘பெரட்டு’ எனப்படும் காலை ஆளெடுப்பின்போது ‘செக்ரோல்’ ஏட்டில் இடப்பட்ட குறியாக மட்டுமே பதிவாயிற்று. அந்த ஏடும் தோட்ட அலுவலகத்திலேயே இருந்தது. பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தது. காகிதத்தின்பால் தொழிலாளர் கொண்ட மதிப்பும் ஐயமும் இந்நிலையிலிருந்தே பிறந்தன எனலாம்.

கட்டிய காகிதம்

தொடக்க காலத்தில் காகிதம் தொழிலாளியைக் காக்கவில்லை; கட்டிப்போட்டது. இலங்கைத் தோட்டங்களில் வழங்கிய ‘துண்டு’ முறை இதற்குத் தக்க சான்று. கங்காணியும் அவர்தம் ஆட்களும் பட்டிருந்த கடன் ஒரு சீட்டில் குறிக்கப்பெறும். அத்தொகையைச் செலுத்தும் தோட்டத்துக்கே அவர்கள் செல்ல இயலும். தமிழ்ச் சொல்லே ஆங்கில அரசாவணங்களிலும் இடம்பெற்ற இம்முறை 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பாலக்காடு உள்ளிட்ட மலபார் மாவட்டம் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. அங்கு, முன்பணம் பெற்றுப் பணியை விட்டு நீங்குவோரைத் தண்டிக்க 1859 ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டம் வழி செய்தது. 1925 இல் இயற்றப்பெற்ற சட்டமே அதனை நீக்கியது. தன்னால் படிக்க இயலாத ஒரு காகிதம் தன்னைச் சிறைக்கு அனுப்ப வல்லது என்பது அத்தலைமுறையினர் பட்டறிந்த உண்மையாகும்.

உரிமை தந்த காகிதம்

விடுதலைக்குப் பின் இந்நிலை மாறியது. 1951 ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், வயது வந்த தொழிலாளிக்கு 20 நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம் ஊதியத்துடன் கூடிய விடுப்பை வழங்கியது. 1972 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், ஓராண்டில் 240 நாள் பணியாற்றியதைத் தொடர்ச்சியான பணியாகக் கொண்டது. அவ்வாறு ஐந்தாண்டு நிறைந்தால் பணிக்கொடைக்கு உரிமை உண்டாயிற்று. எனவே செக்ரோலில் விடுபடும் ஒரு நாள், ஒரு நாள் கூலியோடு முடிவதில்லை. 239 ஆம் நாளுக்கும் 240 ஆம் நாளுக்கும் இடையிலுள்ள அந்த ஒரு குறி ஓராண்டுப் பணியையே ஐயத்திற்கு உள்ளாக்கக் கூடும். முப்பது ஆண்டு கழித்து ஓய்வு பெறுபவர், முதலாண்டுக் கணக்கையும் மெய்ப்பிக்க வேண்டியிருக்கலாம். கூலிச்சீட்டுகளைத் தகரப்பெட்டியில் இட்டுக் காப்பதன் பொருள் இதுவே.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் மேற்கூறிய இரு சட்டங்களின் இடத்தையும் எடுத்துக்கொண்டன. பதிவேடுகளை மின்னணு வடிவில் பேணவும் அவை இடமளிக்கின்றன. ஏடு யாரிடம் உள்ளது என்னும் பழைய வினா இதனால் தீர்ந்துவிடவில்லை.

எல்லையும் சான்றும்

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழி அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தில் நின்றன. சென்னை மாநிலத்திலிருந்த மலபாரும் கேரளத்தோடு இணைந்தது. இதனால் பணிச்சான்று குடியிருப்புச் சான்றாகவும் பயன்பட வேண்டியதாயிற்று. பட்டியல் சாதியினர் தொடர்பான குடியரசுத் தலைவர் ஆணை வெளியான 1950 ஆகஸ்டு 10 ஆம் நாளுக்கு முன்பே குடும்பம் இங்கு வாழ்ந்ததா என்னும் வினா இன்றளவும் எழுகிறது. 2021 இல் நடைபெற்ற தேவிகுளம் தனித்தொகுதித் தேர்தல் குறித்த வழக்கில் இவ்வினாவும் தேவாலயப் பதிவேடுகளின் நம்பகத்தன்மையும் விவாதிக்கப்பட்டன. 2023 மார்ச்சில் கேரள உயர்நீதிமன்றம் அத்தேர்தலைச் செல்லாதென்றது. 2025 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. ஒரு மக்கள் பிரதிநிதியின் பதவியே பழைய ஏடுகளின் வரிகளைச் சார்ந்து நின்றதெனில், எளிய தொழிலாளியின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

இலங்கை மலையகத் தமிழரின் பட்டறிவும் இத்தகையதே. 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டப்படி அவர்கள் தொடர்ச்சியான வதிவிடத்தை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ 8 லட்சம் பேருக்காக விண்ணப்பிக்கப்பட்டும் சுமார் 1.34 லட்சம் பேரே குடியுரிமை பெற்றனர்.

காகிதத்தின் குறைகள்

காகிதம் குறையற்றது என்பது கருத்தன்று. 2020 ஆகஸ்டு 6 இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் நேர்ந்த நிலச்சரிவு தோட்ட லயங்களைப் புதைத்தது. எழுபது பேர் மாண்டனர். இத்தகைய பேரிடரில் தகரப்பெட்டியும் மிஞ்சுவதில்லை. வேறிடத்தில் படியுள்ள மின்னணுப் பதிவே அங்குக் கைகொடுக்கும். ஏட்டில் அடித்தலும் திருத்தலும் செய்ய இயலும். எனினும் காகிதத்தில் திருத்தம் பெரும்பாலும் தடம் விட்டுச் செல்கிறது. அத்தடத்தைக் காணக் கண்ணே போதும். மின்னணுப் பதிவில் நேர்ந்த மாற்றத்தைக் கண்டறிய அமைப்பினுள் நுழையும் அதிகாரம் வேண்டும். அது தொழிலாளியிடம் இல்லை.

சட்டமும் இவ்வேறுபாட்டை அறியும். 1872 ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், உரிய காப்பிலிருந்து வரும் முப்பதாண்டுப் பழமையுடைய ஆவணத்தை மெய்யெனக் கருத இடமளித்தது. மின்னணுப் பதிவின் நகலுக்குத் தனிச் சான்றிதழ் தேவை என்பதைக் கேரளத் தேர்தல் வழக்கொன்றில் 2014 இல் உச்சநீதிமன்றம் வலியுறுத்தியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சியச் சட்டத்திலும் அச்சான்றிதழ் முறை தொடர்கிறது. அதில் கையொப்பமிட வேண்டியவர்களுள் ஒருவர் கணினியின் பொறுப்பில் இருப்பவர். அதாவது வேலையளிப்பவர் தரப்பினர்.

மொழிச் சிக்கலும் உண்டு. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இடும் தமிழ்ப்பெயர், ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் ஏறும்போது வெவ்வேறு வடிவம் பெறுகிறது. ஏட்டை எழுதும் கணக்கர் ஆளை அறிவார். ஓரெழுத்து வேறுபட்டாலும் கணினி இருவராகக் கொள்ளக் கூடும். 1969 ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தமிழில் கடிதத் தொடர்பு கொள்ள உரிமை தருகிறது. அவ்வுரிமை தோட்டக் கணினியின் திரைவரை எட்டவில்லை.

நிறைவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, காகிதத்தின்பால் இம்மக்கள் கொண்ட பற்று அறியாமையன்று. ஒரு நூற்றாண்டுக்கும் மேலான பட்டறிவின் விளைவு. இரண்டாவது, அவர்கள் நாடுவது தம் கையில் இருக்கும், தாம் படிக்கத்தக்க சான்றையே; காகிதம் அதற்கு வாய்த்த வடிவம். மூன்றாவது, மின்னணுப் பதிவு வரும் இடங்களில், ஒவ்வொரு மாதமும் பணிநாள் கணக்கைத் தமிழில் அச்சிட்டுக் கையொப்பத்துடன் தொழிலாளியிடம் அளித்தால் இரண்டின் நன்மையும் ஒருங்கே கிட்டும். தோட்ட அலுவலகங்களில் எஞ்சியுள்ள பழைய செக்ரோல் ஏடுகளைத் தொகுத்துக் காப்பதும் இன்றியமையாதது. எல்லைப்புறத் தமிழரின் குடியேற்ற வரலாற்றுக்கு, ஆண்டுதோறும் ஆள்வாரியாக அமைந்த அவற்றை ஒத்த மூலச்சான்று பிறிதொன்று காண்பது அரிது.