சிங்காநல்லூர்ச் சாருகேசி

'மன்மத லீலை' பாட்டுக்குச் சொந்த ஊர் எது என்று கேட்டால் பாதிப் பேர் திருச்சி என்பார்கள். அதைப் பாடிய எம்.கே. தியாகராஜ பாகவதர் திருச்சியில் வாழ்ந்தவர். மீதிப் பேர் சென்னை என்பார்கள். பிராட்வே தியேட்டரில் அந்தப் பாட்டு வரும் 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்ட கதை அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் அந்தப் படம் உருவானது கோயமுத்தூரில், சிங்காநல்லூரில், திருச்சி ரோட்டில் இருந்த சென்ட்ரல் ஸ்டுடியோவில். நம் ஊர்க்காரர்களே இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். பஞ்சாலைக்கும் பம்ப்செட்டுக்கும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறவர்கள், இந்தப் பாட்டுக்கும் தாராளமாகத் தூக்கிக்கொள்ளலாம்.

ஊருக்குச் சினிமாப் பித்து பழையது. திருச்சியில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த கோவைக்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் துபோன் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி ஊர் ஊராகச் சுற்றினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். வெரைட்டி ஹால் ரோடு என்ற பெயர் இன்றும் இருக்கிறது. பருத்தியில் வந்த பணம் பிறகு படம் எடுக்கவும் வந்தது. ஆலை முதலாளி பி. ரங்கசாமி நாயுடு, எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு, இதே வின்சென்ட் என்று சிலர் சேர்ந்துதான் சென்ட்ரல் ஸ்டுடியோ எழுந்தது.

'ஹரிதாஸ்' எடுத்த காலம் உலகப் போர்க் காலம். கச்சா பிலிம் கப்பலில் வரவேண்டும். ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு. நிமிடத்துக்கு 90 அடி கணக்கில் அது ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அதுவரை தமிழ்ப் படங்கள் மூன்று மணி நேரத்தையும் தாண்டி ஓடின. நின்றால் பாட்டு, நடந்தால் பாட்டு. இப்போது மூன்று நிமிடப் பாட்டுக்கு 270 அடி கொடுத்தாக வேண்டும். எந்தப் பாட்டு வேண்டும், எது வேண்டாம் என்று கத்தரி கையில் வைத்து யோசித்தே ஆகவேண்டிய நிலைமை. இயக்குநர் சுந்தர்ராவ் நட்கர்ணி அதை நன்றாகவே செய்தார். இன்று பார்த்தாலும் அந்தப் படம் அலுப்புத் தட்டுவதில்லை. அந்த ஒழுங்குக்கு உத்தரவு போட்ட வெள்ளைக்காரனுக்கும் கொஞ்சம் நன்றி சொல்லவேண்டியிருக்கிறது.

பாட்டை எழுதியவர் பாபநாசம் சிவன். இசையில் அவரோடு ஜி. ராமநாதன். எடுத்துக்கொண்ட ராகம் சாருகேசி. 26ஆவது மேளகர்த்தா. தியாகராஜ சுவாமி அதில் ஒரு கீர்த்தனை செய்திருக்கிறார். அதற்கு அப்பால் அந்தக் காலத்து மேடைகளில் அபூர்வமாகவே கேட்கக் கிடைத்த ராகம். பஞ்சமத்துக்குக் கீழே அது சங்கராபரணம் போல நடக்கும். மேலே ஏறினால் தோடியின் தைவதமும் நிஷாதமும். முன்பாதி நிமிர்ந்து நடக்கிறது, பின்பாதி கலங்குகிறது. ஹரிதாஸின் கதையும் அதுதானே? அப்பா அம்மாவை உதறிவிட்டு, தாசி ரம்பையின் மயக்கத்தில் சொத்தைத் தொலைத்து, பிறகு திருந்தி அழும் ஆள் அவன். அவன் சுகத்தின் உச்சியில் பாடும் பாட்டுக்கு, பின்னால் வரப்போகும் அழுகையையும் உள்ளே வைத்திருக்கும் ராகத்தை எடுத்தது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

திரையில் பாகவதரைப் பாருங்கள். தோளில் புரளும் சுருள் முடி, காதில் வைரக் கடுக்கன், மேலே பட்டு. எதிரே டி.ஆர். ராஜகுமாரி ஆடுகிறார், காற்றில் ஒரு முத்தத்தையும் பறக்கவிடுகிறார். 1944இல் அது சின்ன விஷயம் இல்லை. 1970களின் தொடக்கத்தில் லண்டனில் மார்க் போலனும் டேவிட் போவியும் மினுக்கும் உடுப்பும் முகப்பூச்சுமாக மேடையேறியபோது அதற்கு கிளாம் ராக் என்று பெயர் வைத்தார்கள். ஆண்பிள்ளை அழகாக, பளபளவென்று, ஒயிலாக நிற்கலாம் என்பதைத் தமிழ்நாடு அதற்கு முப்பது வருஷம் முந்தியே கொண்டாடிவிட்டது. 'பாகவதர் கிராப்' வைத்துக்கொண்டு திரிந்த இளவட்டங்களை வீட்டுப் பெரியவர்கள் திட்டிய திட்டும் எல்லா ஊருக்கும் பொது.

படம் 1944 அக்டோபர் 16, தீபாவளிக்கு வந்தது. நவம்பர் 8ஆம் தேதி, சென்னை வேப்பேரியில், 'இந்து நேசன்' பத்திரிகை ஆசிரியர் லட்சுமிகாந்தன் கத்திக்குத்துப் பட்டார். மறுநாள் இறந்தார். டிசம்பரில் அந்தக் கொலை வழக்கில் பாகவதரும் நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். கோவை ஸ்ரீராமுலு நாயுடுவும் அந்த வழக்கில் சிக்கினார், அவர் விடுதலையானார். மற்ற இருவருக்கும் 1945 மே மாதம் ஆயுள் தண்டனை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று வெளியே வந்தார்கள்.

இந்த இடைவெளியில்தான் பாட்டு ஆளை விட்டுத் தனியாகப் பயணம் போக ஆரம்பித்தது. பாடியவர் சிறையில், பாட்டு பிராட்வேயில். பிலிமில் படத்தின் ஓரமாக ஒரு மெல்லிய கீற்று ஓடும். ஒளி அதன் வழியே புகுந்து மறுபக்கம் குரலாக வெளிவரும். அந்தக் கீற்று தேயும் வரை பாகவதர் பாடிக்கொண்டே இருந்தார். 1945 தீபாவளி வந்தது, 1946 தீபாவளி வந்தது, படம் நிற்கவில்லை. பிறகு அந்தப் பெட்டிகள் கொங்கு நாட்டு டென்ட் கொட்டகைகளுக்கும் வந்தன. ஆயில் இன்ஜின் படபடக்க, மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்து, ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீலுக்கு ரீல் இடைவேளை விட்டு மக்கள் பார்த்தார்கள். பல்லடம் பக்கம் அப்படியொரு கொட்டகையில்தான், படம் வந்து பல வருஷம் கழித்து, என் அப்பா இதைப் பார்த்திருக்கிறார். அவர் அதை விரதக் கதை கேட்ட மாதிரி பயபக்தியோடு சொல்வார். தாசி வீட்டில் பாடிய பாட்டு அது என்பதை அவர் வசதியாக மறந்துவிடுவார்.

பாகவதர் வெளியே வந்தபோது சிங்காநல்லூரே மாறியிருந்தது. அதே சென்ட்ரல் ஸ்டுடியோவில் ஜூபிடர் பிக்சர்ஸ் 'ராஜகுமாரி' எடுத்து, 1947இல் எம்.ஜி.ஆர். என்ற துணை நடிகரைக் கதாநாயகன் ஆக்கியது. எஸ்.எம். சுப்பையா நாயுடு இசை. அவருக்கு எடுபிடியாக அங்கே இருந்த பையன்தான் பின்னாளில் எம்.எஸ். விஸ்வநாதன். வசனப் பக்கம் மு. கருணாநிதி இருந்தார். அடுத்த முப்பது வருஷத் தமிழ் சினிமாவும் அரசியலும் ஒரே வளாகத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தன என்று சொல்லலாம். 'ராஜ முக்தி'யும் 'அமரகவி'யும் 'சியாமளா'வும் பாகவதரை மீட்டுத் தரவில்லை.

சிறைதான் அவரை முடித்தது என்பது நம் ஊரில் அழியாத தீர்ப்பு. எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. முழு உண்மையைத் தேட 1950இல் இதே ஸ்டுடியோவுக்குத்தான் போகவேண்டும். நட்கர்ணி அப்போது 'கிருஷ்ண விஜயம்' எடுக்கிறார். அவரிடம் சின்னச் சின்ன வேலை செய்துகொண்டிருந்த மதுரைப் பையன் ஒருவன், பாகவதர் குரலில் அச்சு அசலாகப் பாடுவான். 'சிந்தாமணி' படத்தில் பாகவதர் பாடிய பாட்டு ஒன்றின் மெட்டில், பாகவதர் மாதிரியே, அவன் அந்தப் படத்தில் பாடினான். டி.எம். சௌந்தரராஜனின் முதல் சினிமாப் பாட்டு அது. கவனியுங்கள்: 'ஹரிதாஸ்' எடுத்த அதே இயக்குநர், எடுத்த அதே இடம், அதே பாணிக் குரல். ஆள் மட்டும் வேறு. குரலை உடம்பிலிருந்து தனியே எடுத்து வேறொரு முகத்துக்குப் பொருத்தலாம் என்று ஆனபிறகு, பாடி நடிக்கும் கதாநாயகனுக்கு என்ன தேவை? சிறைக்கே போகாமல் இருந்திருந்தாலும் பாகவதர் இந்தக் கதவில் வந்து முட்டியிருப்பார்.

நான்கு வருஷம் கழித்து, ஸ்ரீராமுலு நாயுடு தன் பட்சிராஜா ஸ்டுடியோவில் 'மலைக்கள்ளன்' எடுத்தபோது டி.எம்.எஸ். எம்.ஜி.ஆருக்குப் பாடினார். அதற்குள் பாகவதர் சாயல் உரிந்து சொந்தக் குரல் வெளியே வந்திருந்தது. ஆனால் சாருகேசி அவரை விடவில்லை. 1958இல் 'சாரங்கதரா'வுக்கு ஜி. ராமநாதன் மறுபடியும் அதே ராகத்தைக் கையில் எடுத்தார், சிவாஜிக்காக டி.எம்.எஸ். பாடிய 'வசந்த முல்லை' வந்தது. 'மன்மத லீலை'யின் இசையில் பங்கு கொண்டவரே பதினான்கு வருஷம் கழித்து அதற்கு ஒரு தம்பியைப் பெற்றுத் தந்தார்.

மறுவருஷம், 1959 அக்டோபரில், பாகவதர் கச்சேரிக்காகப் பொள்ளாச்சி வந்தார். சர்க்கரை நோய் அவரை உருக்கியிருந்த நேரம். அங்கே யாரோ கொடுத்த நாட்டு மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிற்று என்று சொல்லப்படுகிறது. சென்னை பொது மருத்துவமனையில் நவம்பர் 1ஆம் தேதி காலமானார். ஐம்பது வயதுகூட நிரம்பவில்லை. வறுமையில் வாடிச் செத்தார் என்ற கதையை மறுப்பவர்களும் உண்டு. கச்சேரி மேடை அவரைக் கடைசி வரை கைவிடவில்லை என்பது மட்டும் பொள்ளாச்சியே சொல்லும். உச்சிக்குக் கொண்டுபோன படம் சிங்காநல்லூரில், கடைசிப் பயணங்களில் ஒன்று பொள்ளாச்சிக்கு. இரண்டுக்கும் நடுவே பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்.

பாட்டு அதற்குப் பிறகும் ஓடியது. ரேடியோவில் வந்தது. கேசட்டில் வந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மைக்செட்டுக்காரர் சீர்காழியின் பிள்ளையார் பாட்டில் தொடங்கி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரியவர்கள் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்ததும் பாகவதரைப் போடுவார். 1976இல் கே. பாலசந்தர் கமலஹாசனை வைத்து 'மன்மத லீலை' என்றே படம் எடுத்தார். 2022இல் வெங்கட் பிரபுவும் அதே தலைப்பில் ஒன்று எடுத்தார். இரண்டும் காமக் கதைகள்தான். ஆக, பாட்டின் அர்த்தத்தைச் சினிமாக்காரர்கள் மறக்கவில்லை. என் அப்பாதான் மறந்துவிட்டார்.

இப்போது வீட்டில் சண்டைக்குக் காரணம் என் அக்கா மகன். இன்ஜினியரிங் படிக்கிறான், கீபோர்டு வாசிப்பான். யூடியூபில் தற்செயலாக 'மன்மத லீலை' கிடைத்ததிலிருந்து அதையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறான். அப்பாவுக்கு முதலில் பெருமை. பையன் வாயைத் திறந்ததும் பெருமை போய்விட்டது.

"குரலு அபாரமுங்க அப்புச்சி. மேல்ஸ்தாயில போயி அப்படியே நிக்குறாரு. ஆனா நடிக்க வரலீங்களே. மூஞ்சியில ஒரே சிரிப்புத்தான்."

"ஏண்டா கண்ணு, அவுரு வாயைத் தொறந்தாப் போதுமேடா. மூஞ்சிய எவன் பாத்தான்?"

"அப்பறம் எதுக்குங்க அந்த முடியும் கடுக்கனும்?"

அப்பா கொஞ்சம் தடுமாறினார். பையன் சொன்னதில் நியாயம் இருந்தது. பாகவதரைக் கேட்க வந்த கூட்டத்தில் பாதி, பார்க்க வந்த கூட்டம். விட்டுக்கொடுக்க மனமில்லாமல் அப்பா வேறு வழியாக வந்தார். டி.எம்.எஸ். கடைசியில் யாருடைய பிள்ளை என்று கேட்டார். பையன் உடனே 'வசந்த முல்லை'யைப் போட்டான். அடுத்து 'மன்மத லீலை'யைப் போட்டான். கீபோர்டில் இரண்டுக்கும் ஒரே கட்டைகளைத் தொட்டுக் காட்டினான். அப்பா ஒரு வெற்றிலையை எடுத்து நரம்பு கிள்ளிக்கொண்டே கேட்டார்.

"சரி, ராகம் ஒண்ணுதான், ஒத்துக்கறேன். ஆனா அது பாடறப்ப சிவாஜி மூஞ்சில்ல கண்ணுல வருது? இது பாடறப்ப பாடறவரு மூஞ்சியே வருது. அது பெருசில்லையாடா?"

"சிவாஜி மூஞ்சி வந்தா நல்லதுதானுங்களே அப்புச்சி," என்றான் பையன். "அது நடிக்குமுல்ல."