கமால் பாட்சாவைக் கைது செய்யாத தளபதி

துருக்கி என்றால் நம்மவர்களுக்கு ஞாபகம் வருகிற பெயர் கமால் பாட்சா ஒன்றுதான். அந்தக் கமால் பாட்சாவையே கைது செய்து அனுப்பும்படி 1919 ஜூலையில் இஸ்தான்புல் அரசு உத்தரவு போட்டது. உத்தரவு போய்ச் சேர்ந்த இடம் காசிம் கராபெகிர் என்ற தளபதியின் மேஜை. அவர் அதன்படி நடந்திருந்தால் துருக்கியின் சரித்திரமே வேறு மாதிரி போயிருக்கும்.

கராபெகிர் 1882-இல் இஸ்தான்புல்லில் பிறந்தவர். தகப்பனாரும் பட்டாளத்துக்காரர்; பிள்ளைக்குச் சிறு வயதாக இருக்கும்போதே மக்காவில் காலமாகிவிட்டார். பையன் இராணுவப் பள்ளிகளில் படித்து, 1905-இல் போர்க் கல்லூரியில் முதல் மாணவனாகத் தேறினார். 1913-இல் எதிர்னே கோட்டை விழுந்தபோது பல்கேரியர்களிடம் கைதி. 1915-இல் கலிப்போலியில் பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை. அங்கிருந்து ஈராக்.

இங்கே நமக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. 1917 தொடக்கத்தில் குத் நகரை மீட்கப் பிரிட்டிஷார் வந்தபோது, எதிரே நின்றது கராபெகிரின் 18-ஆவது படையணி. வந்த பிரிட்டிஷ் படையில் பெரும் பங்கு இந்தியச் சிப்பாய்கள். டில்லியில் இந்தியா கேட்டை அண்ணாந்து பார்த்தால் மெசபடோமியா, கலிப்போலி என்று செதுக்கியிருக்கும். இரண்டுமே இந்த மனுஷர் நின்ற களங்கள்தாம்.

1918 அக்டோபர் 30-ஆம் தேதி துருக்கி சரணடைந்தது. படைகளைக் கலைக்கச் சொல்லி நெருக்கடி. கிழக்கே எர்சுரூமில் 15-ஆவது படையணிக்குத் தலைவராக வந்த கராபெகிர், ஆயுதங்களை ஒப்படைக்காமல் சாக்குப்போக்குச் சொல்லிக் காலம் கடத்தினார். நாட்டில் அதிகம் குலையாமல் மிச்சமிருந்த படை அது ஒன்றுதான் என்றே சொல்லலாம்.

ஜூலை 8-ஆம் தேதி இரவு கமால் இராணுவப் பதவியை உதறினார். மறுநாளிலிருந்து அவர் வெறும் குடிமகன். கூடவே இருந்த தலைமை அலுவலரே, 'கோப்புகளை யாரிடம் கொடுக்கட்டும்?' என்கிற மாதிரி கேட்டுவிட்டு விலகிக்கொண்டார். பதவி போனால் நிழல்கூட ஒட்டாது இல்லையா? அந்தச் சமயத்தில்தான் கராபெகிர் வந்து சல்யூட் அடித்து, தானும் தன் படையும் பழையபடியே அவர் சொல்லுக்குக் கட்டுப்படுவதாகச் சொன்னார். ஜூலை 23-இல் எர்சுரூம் மாநாடு கூடியது. மாத முடிவில் வந்த கைது உத்தரவை அவர் ஏற்க மறுத்துவிட்டார்.

1920 இலையுதிர் காலத்தில் ஆர்மீனியக் குடியரசின் மீது படையெடுத்து, அக்டோபர் 30-இல் கார்ஸைப் பிடித்தார். மறு வருஷம் கார்ஸ் ஒப்பந்தம் வரைந்த எல்லைதான் இன்றைக்கும் இருக்கிறது. துருக்கியருக்கு இது வெற்றி. 1915-இல் இனப்படுகொலைக்கு ஆளாகி மிஞ்சியிருந்த ஆர்மீனியருக்கோ வெந்த புண்ணில் பாய்ந்த வேல். இதைச் சொல்லாமல் அவரைப் புகழ்வது நியாயமாகாது. அதே தளபதிதான் போரில் அநாதைகளான ஆயிரக்கணக்கான குழந்தைகளைச் சேர்த்துப் பள்ளி வைத்தார், அவர்களுக்காகப் பாட்டும் நாடகமும் எழுதினார். பிடில் வேறு வாசிப்பார்!

சுதந்திரம் வந்த பிறகு நண்பர்களுக்குள் பிளவு. 1924 மார்ச்சில் கலீபா பதவியை ஒழித்தார்கள். நம் நாட்டுக் கிலாபத் இயக்கத்துக்கும் அதோடு முடிவுகாலம். சீர்திருத்தம் வேண்டாமென்று கராபெகிர் சொல்லவில்லை. ஒரே ஆள் கையில் எல்லா அதிகாரமும் சேர்வதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த வருஷம் நவம்பரில் எதிர்க்கட்சி தொடங்கினார். ஏழு மாதத்துக்குள், குர்திஷ் கலகத்தைக் காரணம் காட்டி, அதை மூடிவிட்டார்கள். 1926-இல் கமாலைக் கொல்ல இஸ்மிரில் சதி நடந்ததாக வழக்கு. அதில் கராபெகிரும் கைதி. எத்தனையோ பேரைத் தூக்கிலிட்ட அந்த விசாரணையில் அவர் விடுதலையானார். ஆனால் அதன் பிறகு வீட்டு வாசலில் போலீஸ் கண்காணிப்பு.

1927-இல் கமால் ஆறு நாட்களில் 36 மணி நேரம் பேசி விடுதலைப் போரின் கதையைத் தம் பார்வையில் சொன்னார். கராபெகிர் தம் பங்குக் கதையை எழுதி 1933-இல் அச்சுக்குக் கொடுத்தார். புத்தகத்தை அச்சகத்திலேயே பறிமுதல் செய்து எரித்தார்கள். கைது உத்தரவை மீறியவருக்குக் கிடைத்த பலன் இது!

1938-இல் கமால் மறைந்த பிறகே கதவு திறந்தது. அடுத்த ஆண்டு எம்.பி., 1946-இல் நாடாளுமன்ற சபாநாயகர். அந்தப் பதவியில் இருக்கும்போதே 1948 ஜனவரி 26-இல் இறந்தார். அவருடைய பெரிய நினைவுக் குறிப்பு நூல் 1960-இல்தான் வெளிவந்தது. அதையும் பறிமுதல் செய்தார்கள். நீதிமன்றம் விடுவித்த பிறகே துருக்கி மக்கள் அதைத் தாராளமாக வாங்கிப் படிக்க முடிந்தது.