மேடைப் பூக்காரியும் திரைப் பூக்காரியும்

பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நாம் ஒன்றை நன்கு அறிவோம். நாம் வாய் திறந்த மாத்திரத்திலேயே நம் ஊர் இன்னதெனக் கேட்போர் கண்டுகொள்கின்றனர். பேச்சைக் கொண்டே மனிதரின் தகுதியை அளந்துவிடும் இவ்வழக்கத்தைக் கருவாகக் கொண்டு பெர்னார்ட் ஷா இயற்றிய நகைச்சுவை நாடகமே ‘பிக்மேலியன்’. 1913-இல் வியன்னா நகரில் ஜெர்மன் மொழியில் அரங்கேறிய இந்நாடகம், 1914 ஏப்ரலில் இலண்டன் மேடையைக் கண்டது.

இலண்டன் தெருவில் பூ விற்கும் எலிசா, ஒலியியல் பேராசிரியர் ஹிக்கின்ஸை நாடித் தானே செல்கின்றாள். பூக்கடையில் வேலை பெறத்தக்க நல்ல பேச்சைக் கற்றுத் தருமாறு, கூலி தருவதாகவும் சொல்லிக் கேட்கின்றாள். அவரோ, அவளைச் சீமாட்டியென்று ஊரை நம்பவைப்பதாக நண்பர் பிக்கரிங்கிடம் பந்தயம் கட்டுகின்றார், வெல்கின்றார், வென்றபின் அவளையே மறந்துவிடுகின்றார். ‘இனி நான் எங்கே போவது?’ என்னும் அவள் கேள்வியில்தான் நாடகத்தின் உயிர் உள்ளது.

1938-இல் இது திரைப்படமாயிற்று. ஆண்டனி ஆஸ்குவித்தும் லெஸ்லி ஹோவார்டும் இயக்கினர். ஹோவார்டே ஹிக்கின்ஸாகவும், வெண்டி ஹில்லர் எலிசாவாகவும் நடித்தனர். வாயில் கோலிக்குண்டுகளை அடக்கிக்கொண்டு எலிசா பேசிப் பயிலும் பாட்டைத் திரையில் கண்ணாரக் காண்கிறோம். நாடகத்தில் மேடைக்கு வெளியே நடந்து முடியும் விருந்தும் படத்தில் பெருங்காட்சியாக விரிகின்றது. இவை திரை ஈட்டிய ஆதாயங்கள்.

இழப்பு முடிவில் நேர்ந்தது. 1916-இல் வெளிவந்த நூலில், கையுறை வாங்கி வருமாறு ஏவும் ஹிக்கின்ஸை, தாமே வாங்கிக்கொள்ளுமாறு கூறிவிட்டு எலிசா வெளியேறுகின்றாள். அவள் பிரெடி என்னும் இளைஞனை மணந்தாள் என ஷா பின்னுரையும் சேர்த்தார். அதற்குக் காரணம் உண்டு. 1914-இல் ஹிக்கின்ஸாக நடித்த ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ, இறுதியில் எலிசாவை நோக்கிப் பூக்களை வீசி, கதையைக் காதலில் முடித்துவிட்டார். படத்திலோ எலிசா திரும்பியே வந்துவிடுகின்றாள். ஹிக்கின்ஸ் முகங்கொடுத்தும் பாராமல், தம் செருப்பு எங்கே என்று கேட்கின்றார். விருந்து முடிந்த இரவில் சினந்து அவள் அவர்மீது வீசிய பொருளும் செருப்பே அன்றோ!

இப்படத்தின் திரைக்கதைக்காக ஷாவும் அவருடன் எழுதியோரும் 1939-இல் ஆஸ்கார் பரிசு பெற்றனர். 1956-இல் மேடையேறிய ‘மை ஃபேர் லேடி’ இசை நாடகமும், 1964-இல் வந்த அதன் திரைப்படமும் அச்செருப்பு முடிவையே பின்பற்றின. மக்கள் மகிழ்ந்தனர் என்பது உண்மை. எனினும் நம் உள்ளம் ஷாவின் பக்கமே சாய்கின்றது. பிழைக்க வந்த ஊரின் மொழியை நாம் அரும்பாடுபட்டுக் கற்பது, அங்கே பிறர்க்கு நிகராக நிற்பதற்காகவே. கற்பித்தவருக்கு நாம் நன்றி செலுத்தக் கடமைப்பட்டவர்கள். செருப்பெடுத்துக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் அல்லர்.