வேலிச்செடியும் தொட்டிச்செடியும்

போன மாசம் மருமக ஊருக்கு வந்தப்ப ஒரு பூந்தொட்டி வாங்கிட்டு வந்துச்சு. பெரம்பலூர்ல வாங்குனதாம். குட்டைச் செடி, கொத்துக் கொத்தா மஞ்சப் பூ. "லாண்டானா மாமா, அதிகமா தண்ணியே கேக்காது"ன்னுச்சு. இலையைக் கசக்கி மோந்து பாத்தேன். நம்ம உண்ணிச்செடி நாத்தம்! ஆலத்தியூர்ல எங்க கொல்லை வேலியில வருசா வருசம் வெட்டி அலுத்துப்போன அதே சாதி. காசு குடுத்தா வாங்குவாங்கன்னு சிரிச்சேன். மனசு மட்டும் சிரிக்கல.

காரணம் இருக்கு. ஒரு வறட்சி வருசம் எங்க கிடேரிக் கன்னு பசியில இந்த இலையைத் தின்னுடுச்சு. கண்ணு மஞ்சளாச்சு, வெயில்ல நின்னா மூக்கு ஓரமும் காதும் தோல் உரிஞ்சுது. நிழல்ல கட்டி வச்சும் பொழைக்கல. இலையில உள்ள நஞ்சு ஈரலைக் கெடுக்கும்னு பிறகுதான் தெரிஞ்சுது.

உண்ணிச்செடியை நம்மூர் காட்டுச்செடின்னு நெனச்சிருந்தேன். இல்ல. அதோட மூதாதைங்க அமெரிக்கக் கண்டத்துக் காட்டுச் செடிங்க. 1600-கள்ல ஐரோப்பாவுக்குப் போயி, அங்க தோட்டக்காரங்க ஒண்ணோட ஒண்ணு மகரந்தம் சேத்து புதுப்புது நிறம் எடுத்தாங்க. பேர் வச்ச ரகமே 600-க்கு மேல. அந்தக் கலப்புதான் 1809-ல் கம்பெனிக்காரங்க கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச் செடியா வந்துச்சு. பழத்தைக் குருவி தின்னு, எச்சத்துல விதை போட்டு, காடு மேடெல்லாம் பரவிடுச்சு. இன்னிக்கு நம்ம நாட்டுல புலி வாழுற காட்டுப் பரப்புல 40 சதவீதத்துக்கு மேல இது இருக்குன்னு 2020-ல் வந்த ஆய்வு சொல்லுது.

அடக்க முயற்சி பண்ணாம இல்ல. ராமச்சந்திர ராவ்னு ஒரு பூச்சியியல் அறிஞர் இதைத் தின்னுற உள்ளூர்ப் பூச்சிகளைத் தேடித் தேடிப் பாத்து 1920-ல் அறிக்கை குடுத்தார். எதுவும் போதாதுன்னு ஆயிடுச்சு. 1941-ல் ஆஸ்திரேலியாவுல இருந்து டேராடூனுக்கு ஒரு பூச்சி கொண்டுவந்தாங்க. அது தேக்குப் பூவையும் கடிக்குதுன்னு பயந்து அழிச்சாங்க. எப்படியோ தப்பிச்சு வெளிய போயிடுச்சு. செடி அப்பவும் அசையல.

ஏன் இவ்வளவு முரடு? பருத்தி போடுறவங்களுக்கு இது சுலபமாப் புரியும். நாட்டுப் பருத்திக்கு குரோமோசோம் 26, இப்ப நாம போடுற அமெரிக்கப் பருத்திக்கு 52. ரெண்டு காட்டு இனம் ஆதியில கலந்து உண்டானது அது. உண்ணிச்செடியில 22, 33, 44, 55னு பல கணக்கு இருக்கு. சாதாரணமா தாய் பாதிப் பங்குதான் விதைக்குக் குடுக்கும். இதுல சில சமயம் முழுப் பங்கையும் குடுத்துடுது. அதனால கணக்கு பொருந்தாத செடிகூட கலந்து விதை கட்டிடும். 33 உள்ளது பெரும்பாலும் வாழை மாதிரி, விதை பிடிக்காது. நர்சரிக்காரங்க "காய்க்காத ரகம்"னு விக்கிறதுல பலதும் அப்படித்தான்.

ஆனா காய்க்காததுன்னு நம்பிட முடியாது. சிலதோட மகரந்தத்துக்கு உயிர் இருக்கு. அமெரிக்காவுல ஃபுளோரிடாவுல டெப்ரெஸ்ஸான்னு ஒரு மஞ்சப் பூ காட்டு இனம், உலகத்துலயே அங்க மட்டும்தான் உண்டு. தோட்டத்து உண்ணியோட மகரந்தம் கலந்து கலந்து அசல் செடி தேயுதுன்னு ரோஜர் சாண்டர்ஸ்ங்கிற தாவரவியலாளர் 1980-கள்லயே எழுதினார். வேலி ஓரத்து மகரந்தம் விழுந்து விதைச்சோளம் கெட்டுப்போறதைப் பாத்தவனுக்கு அந்த வேதனை தெரியும்.

மருமக மனசு நோகக்கூடாதுன்னு தொட்டியைப் பிடுங்கல. மாடியில, மாடு எட்டாத இடத்துல வச்சிருக்கேன். தினமும் காலையில காய் கட்டியிருக்கான்னு பாக்குறேன். இதுவரைக்கும் ஒண்ணும் இல்ல. வண்ணத்துப்பூச்சிதான் தொட்டிக்கும் வேலிக்கும் போயிட்டுப் போயிட்டு வருது.