சிட்ரா (தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம்)

சிட்ரா என்பது தென்னிந்திய நூற்பாலைகள் ஒன்றுகூடி 1956-இல் கோயம்புத்தூரில் நிறுவிய கூட்டு ஆராய்ச்சி அமைப்பு. அகமதாபாத்தின் அட்டிரா (1947), மும்பையின் பிட்ரா (1954) ஆகியவற்றை அடுத்துத் தோன்றியது. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் ஆதரவும் இதற்கு உண்டு. கோவைக்காரர்கள் பலருக்கு சிட்ரா என்றால் அவிநாசி சாலையில் விமான நிலையத்துக்குப் பக்கத்துப் பேருந்து நிறுத்தம்தான்.

ஒரே சந்தையில் பஞ்சு வாங்கி, அதே வியாபாரிகளிடம் நூல் விற்கும் ஆலைகள் தம் கணக்கைப் பக்கத்து ஆலைக்குக் காட்டுவதில்லை. ஆனால் தன் ஆலையில் ஆள் கூடுதலா, மின்சாரம் வீணாகிறதா என்பதை அடுத்தவர் கணக்கோடு ஒப்பிடாமல் அறியவும் முடியாது. சிட்ராவின் ஆலைகளிடை ஆய்வுகள் இந்தச் சிக்கலுக்கு வழி கண்டன. ஆலைகள் தம் விவரங்களைச் சங்கத்திடம் தருகின்றன. அறிக்கையில் ஆலையின் பெயர் இராது, குறியீட்டு எண் மட்டுமே இருக்கும். தன் எண்ணை அறிந்த ஆலை, வரிசையில் தன் இடத்தைக் கண்டுகொள்ளும்.

ஒப்பீடு நியாயமாக இருக்க அளவுகோல் பொதுவாக வேண்டும். 100 கிலோ நூல் நூற்க எத்தனை ஆள்-மணி நேரம் செலவாகிறது என்பதே உழைப்புத் திறனின் முக்கிய அளவு. மெல்லிய நூலுக்கு நேரம் கூடுதலாகப் பிடிக்கும் என்பதால், நூலின் மெல்லிய தன்மையைக் குறிக்கும் நம்பர் எதுவானாலும் கணக்கை 40-ஆம் நம்பருக்கு மாற்றியே ஒப்பிடுகிறார்கள். ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் மின்சாரம், பஞ்சில் எவ்வளவு நூலாகிறது, எவ்வளவு கழிவாகிறது என்பனவும் அளக்கப்படுகின்றன. நூல் விலையில் பெரும்பங்கு பஞ்சுக்கே போவதால், கழிவில் ஒரு சதவீதம் குறைந்தாலும் ஆலையின் லாபத்தில் அது தெரியும். இவற்றிலிருந்து உருவான சிட்ராவின் திறன் அளவுகளை ஆலை மேலாளர்கள் இலக்காகவே கொள்கிறார்கள். எங்கே பின்தங்கியிருக்கிறோம் என்பதை அறிக்கை சொல்லிவிடும். காரணத்தை இயந்திரத்தருகே நின்றுதான் தேட வேண்டும். அதற்காக சிட்ராவின் வல்லுநர்கள் ஆலைகளுக்கே சென்று ஆலோசனை தருவதும் உண்டு.

தனியாக ஆய்வுக்கூடம் வைக்க வசதியில்லாத விசைத்தறிக்காரர்களுக்காகச் சோமனூர், பல்லடம், குமாரபாளையம் முதலிய ஊர்களில் சிட்ராவின் சேவை மையங்கள் இயங்குகின்றன.

மருத்துவத் துணிகளுக்கான சிறப்பு மையமும் சிட்ராவில் உள்ளது. 2020-இல் கொரோனா பரவியபோது நாட்டின் பாதுகாப்புக் கவச உடைகளில் செயற்கை இரத்தம் ஊடுருவுகிறதா என்று சோதித்துச் சான்றளிக்கும் பொறுப்பு, தொடக்கத்தில் சிட்ராவிடமே தரப்பட்டது.