உப்பு மலையின் சரித்திரம்

மேல் ஆஸ்திரியா மாகாணத்தில், செங்குத்தான மலைக்கும் ஆழ்ந்த ஏரிக்கும் இடையே ஒடுங்கிய கரையில், ஒன்றன் தலைமேல் ஒன்றாக வீடுகள் நெருங்கி நிற்கும் ஹால்ஸ்டாட் என்னும் சந்தையூரில் இன்று ஆயிரம் பேர்கூட வசிப்பதில்லை. ஆயினும் ஐரோப்பாவில் ஏறத்தாழக் கி.மு. 800 முதல் 450 வரை நிலவிய முற்கால இரும்பு யுகத்துக்கு ஆராய்ச்சியாளர் இவ்வூரின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். உழுவதற்கு நிலமற்ற ஓரிடத்துக்கு இப்பிரசித்தி வாய்த்தது, அதன் மலைக்குள் உறைந்து கிடக்கும் உப்பினால்.

கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குமுன் வற்றிய சமுத்திரம் விட்டுச்சென்ற அவ்வுப்பைப் பண்டை மக்கள் வெண்கலக் கருவிகொண்டு வெட்டினார்கள். உப்புக்குள் எதுவும் எளிதில் அழுகாதாகையால், அவர்கள் சுமந்த தோற்பைகளும், உடுத்த கம்பளித் துணிகளும், வெளிச்சத்துக்கு எரித்த மரச்சுள்ளிகளும், கி.மு. 14ஆம் நூற்றாண்டில் அமைத்த மரப்படிக்கட்டும் இன்றளவும் நிலைத்திருக்கின்றன. 1734இல், பாறையுப்பில் புதையுண்ட ஒரு புராதனத் தொழிலாளியின் பிரேதமே வெளிப்பட்டது.

சுரங்க அதிகாரியான யோஹான் கேயோர்க் ராம்சாவர் 1846 முதல் 1863 வரை மலைச்சரிவில் ஏறக்குறைய 980 கல்லறைகளைத் தோண்டி, தொல்பொருளாராய்ச்சி ஒரு சாஸ்திரமாக வளராத அக்காலத்திலேயே, அவற்றில் கிடந்தவற்றை வர்ணச் சித்திரங்களுடன் பதிவு செய்துவைத்தார். பால்டிக் கடற்கரையின் அம்பரும் ஆப்பிரிக்காவின் தந்தமும் அங்கே கிடைத்தமை, உப்பு வர்த்தகம் எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதைக் காட்டும். அதனினும் வியப்புக்குரியது, ஆபரணங்களுடன் அடக்கம் செய்யப்பட்டோரின் எலும்புகளிலும் கடும் உழைப்பின் அடையாளங்கள் காணப்படுவதாகும். சுரங்கத்தில் பாடுபட்டவர்களே அச்செல்வத்தையும் அனுபவித்தார்கள் என்று நாம் கருத இடமுண்டு.

பிற்காலத்தில் நிலைமை மாறியது. அரசன் ஆல்பிரெக்டின் விதவையான எலிசபெத் அரசி 1311இல் ஊருக்குச் சந்தை உரிமையை அருளினாள். ஆனால் உப்பின் வருமானமோ ஹாப்ஸ்பர்க் வம்சத்தாரின் பொக்கிஷத்துக்கே சென்றது. உப்புநீரைக் காய்ச்சுவதற்கு வேண்டிய விறகு சுற்றுவட்டாரத்தில் அரிதாகவே, 1595 முதல் 1607 வரை, ஏறத்தாழ 13,000 மரங்களின் நடுவைக் குடைந்து குழாய்களாக்கி, 40 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஏபன்ஸே வரைக்கும் அந்நீரை ஓடச்செய்தார்கள். 1750இல் மூண்ட பெருந்தீ மரவீடுகள் நிறைந்த ஊரின் நடுப்பகுதியைச் சாம்பலாக்கியது. ஜனங்கள் அதை மீண்டும் கட்டினார்கள். படகும் ஒற்றையடிப் பாதையுமே துணையாக இருந்த அவ்வூருக்கு 1890இல்தான் கரைவழிச் சாலை வந்தது.

1997 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாகப் போற்றப்படும் அவ்வூரின் அழகைக் காணத் திரளாக வருவோர், ஏரிக்கரையோடு திரும்பிவிடாமல் சுரங்கத்துக்கும் கல்லறைச் சரிவுக்கும் ஏறிச்செல்ல வேண்டும்; ஏனெனில், ஹால்ஸ்டாட்டின் மெய்யான சரித்திரத்தைச் சமைத்தவர்கள், அதற்கு உரிமை அருளிய அரசர்களைக் காட்டிலும், பெயர் தெரியாத அத்தொழிலாளிகளே ஆவர்.