அம்பின் வால்: இறகு விட்டுப்போன வரலாறு

எங்கட தீவுக் கோயில்களில வேட்டைத் திருவிழா நடக்கும்போது சாமி வில்லும் அம்புமாக வெளியே வருவார். மடத்துவெளியிலயும் சனம் அதைப் பார்த்திருக்கும். சாமியின் கையில இருக்கிற அம்பு பெரும்பாலும் உலோகத்திலயோ மரத்திலயோ செய்தது. அதுக்கு முனை இருக்கும், தண்டு இருக்கும், பின்பக்கத்தில இறகு இருக்காது. பறக்கத் தேவையில்லாத அம்புக்கு இறகு எதுக்கு? ஆனால் பறக்க வேண்டிய அம்புக்கு இறகில்லாமல் சரிவராது. அந்த இறகை ஆர் கட்டினது, எந்தப் பறவையிட்ட இருந்து எடுத்தது, எப்பிடி ஒட்டினது எண்ட கேள்விகளுக்குப் பதில் தேடினால் எங்கட வரலாற்றுப் புத்தகங்கள் கையை விரிக்கின்றன.

முதல்ல, இறகு என்ன வேலை செய்யுது எண்டு பாப்பம். தைப்பொங்கலுக்குப் பட்டம் கட்டுற ஆக்களுக்கு இது சுகமா விளங்கும். வாலில்லாத பட்டம் குத்திச் சுழலும். வாலைக் கட்டினால் காத்து அதைப் பின்னுக்கு இழுக்க, பட்டத்தின் முகம் நேராகும். அம்பின் பின்னால கட்டின இறகும் அதே வேலையைத்தான் செய்யுது. வில்லை விட்டுப் புறப்படுற அம்பு கொஞ்சம் நெளிஞ்சுதான் போகும். இறகில காத்து மோதிப் பின்பக்கத்தை இழுத்துப் பிடிக்க, முனை முன்னுக்கு நிக்கும். பறவையின் சிறகில உள்ள இறகுக்கு இயற்கையா ஒரு வளைவு உண்டு. வலச்சிறகின் இறகு ஒரு பக்கம் வளையும், இடச்சிறகின் இறகு மற்றப் பக்கம் வளையும். ஒரே பக்கத்துச் சிறகில இருந்து மூண்டு இறகு எடுத்துக் கட்டினால் அம்பு தன்னைத் தானே சுத்திக்கொண்டு நேராப் போகும். இரண்டு பக்கத்தையும் கலந்தால் ஒண்டு சுத்த மற்றது தடுக்கும். இந்த நுட்பத்தைக் கண்டுபிடிச்ச ஆக்கள் அதை ஏட்டில எழுதி வைக்கேல்லை. கை கைக்குச் சொல்லிக் குடுத்தது.

இறகு மிஞ்சுறது அருமை. ஆதிச்சநல்லூர்த் தாழிகளோட இரும்பு அம்புமுனைகள் கிடைச்சிருக்கு. அந்த முனைகளைத் தாங்கின தண்டும் இறகும் மண்ணோட மண்ணாப் போச்சு. 1545இல் மூழ்கி 1982இல் தூக்கப்பட்ட மேரி ரோஸ் எண்ட ஆங்கிலேயக் கப்பலில ஆயிரக்கணக்கில அம்புகள் இருந்தன. அவற்றில இறகு ஏறக்குறைய முழுக்க அழிஞ்சு, நூல் சுத்தின தடமும் பசையும்தான் மிஞ்சினது. 1991இல் ஆல்ப்ஸ் மலைப் பனிக்குள்ள கிடைச்ச, 5000 ஆண்டுக்கு மேல் பழைய ஏட்சி எண்ட மனிதனின் அம்பறாத்தூணி ஓர் அபூர்வம். அதில இருந்த 14 அம்புகளில இரண்டு மட்டும்தான் முடிச்ச அம்பு. மூண்டு மூண்டு இறகை மரத்தாரால ஒட்டி, மெல்லிய நாரால வரிஞ்சு கட்டியிருக்கு. சுத்தின விதத்தைப் பார்த்து, ஒண்டை வலக்கைக்காரரும் மற்றதை இடக்கைக்காரரும் கட்டியிருக்கினம் எண்டு ஆய்வாளர்கள் சொல்லுகினம். பெயர் தெரியாத இரண்டு பேரின் கை இறகுக்கட்டில தெரியுது. பனி இல்லாத எங்கட உப்புக்காத்து ஊரில அப்பிடி ஒண்டும் மிஞ்சாது.

ஆனால் அழிஞ்சு போறது மட்டும் காரணமில்லை எண்டு நாங்கள் நினைக்கிறம். எழுதி வைக்கவும் ஆக்கள் வேணும். நயினாதீவில முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒண்டு இருக்கு, 12ஆம் நூற்றாண்டு. ஊராத்துறைக்கு வாற கப்பல் உடைஞ்சால், யானை குதிரை கொண்டுவந்த கப்பலெண்டால் காற்பங்கு அரசனுக்கு, வணிகச் சரக்குக் கப்பலெண்டால் அரைப்பங்கு எண்டு அது சொல்லுது. அரசனுக்கு எவ்வளவு வரும் எண்டது கல்லில நிக்குது. அந்தக் கப்பலில ஆணி அடிச்சவரும் கயிறு திரிச்சவரும் கல்லில இல்லை. இங்கிலாந்தில இறகுக்கே ஆவணம் உண்டு, காரணமும் அதேதான். 1417இல் ஐந்தாம் ஹென்றி, ஒவ்வொரு வாத்தின் சிறகிலயும் ஆறு இறகு எடுத்துச் சேர்க்கச் சொல்லி மாவட்ட அதிகாரிகளுக்குக் கட்டளை போட்டார். அரசு கேட்டதால இறகு பதிவானது. கேளாத இடத்தில பதிவும் இல்லை.

இலங்கைக்குள்ள அம்பு கட்டுற கைகளைப் பற்றி எழுத்தில வாற பழைய சாட்சிகளில ஒருவர் ரொபர்ட் நொக்ஸ். 1660இல் பிடிபட்டு, 1679இல் தப்பி, 1681இல் புத்தகம் போட்டவர். வேடர்கள் இரவில கொல்லன் பட்டறையில இறைச்சியைத் தொங்கவிட்டு, பக்கத்தில அம்பு வடிவத்தில வெட்டின ஓர் இலையை வைச்சிட்டுப் போவினமாம். கொல்லன் அந்த அளவுக்கு இரும்பு முனை செய்து வைச்சால் பிறகும் இறைச்சி வரும். ஒருத்தரை ஒருத்தர் காணாமலே நடந்த வியாபாரம். இதில ஒண்டைக் கவனியுங்கோ. இரும்பு வெளியில இருந்து வரவேண்டியது. அதுக்கு விலை இருந்தது, அதனால கதையும் இருந்தது. இறகு வேடரின் காட்டிலயே கிடைச்சது. அதை ஆரிட்டயும் வாங்கத் தேவையில்லை, அதனால அதைப் பற்றிக் கதையும் இல்லை.

சொற்களில கொஞ்சம் மிஞ்சியிருக்கு. கங்கபத்திரம் எண்டு அம்புக்கு ஒரு வடமொழிப் பெயர். கங்கத்தின் இறகு கட்டினது எண்டு பொருள். கங்கம் நாரையா கழுகா எண்டதில கருத்து வேறுபாடு இருக்கு. அம்பின் இறகு கட்டின அடிப்பகுதிக்குப் புங்கம் எண்டும் ஒரு சொல். உடனே புங்குடுதீவோட முடிச்சுப் போட ஆசை வரும். போடாதேங்கோ, அதுக்கு ஆதாரமில்லை. புங்கமரத்தால வந்த பெயர் எண்டுதான் பலர் சொல்லுகினம்.

இண்டைக்கு இந்தக் கைவேலையின் நிலை என்ன? 1937ஆம் ஆண்டு 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காட்டுப் பறவைகளைப் பாதுகாக்குது. அது வேணும். எங்கட களப்புகளுக்குப் பூநாரை வருகுதெண்டால், அதைத் துரத்தி இறகு பிடுங்கவேணும் எண்டு ஆரும் கேக்கக் கூடாது. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கு. 1983இல் மதுறு ஓயா தேசிய பூங்கா அறிவிக்கப்பட்டபோது வேடர்களின் வேட்டைக் காடு அதுக்குள்ள போனது. தலைமுறையா அங்க வேட்டையாடினவை தங்கட காட்டிலயே குற்றவாளி ஆகினம். கிழக்குக் கரையில, வாகரை, மூதூர்ப் பக்கம் தமிழ் பேசுற வேடர்கள் எங்கட மொழியிலயே வாழுகினம். எங்கட வரலாற்று எழுத்தில அவைக்கு எத்தனை பக்கம் குடுத்திருக்கிறம்? காட்டை அழிச்ச பெரிய கைகளை விட்டிட்டு, இறகு எடுத்த சின்னக் கையை மட்டும் சட்டம் பிடிச்சால் அது பறவைக்கும் நல்லதில்லை.

வீட்டில செய்து பார்க்க விரும்புற ஆக்களுக்கு ஒரு வார்த்தை. காட்டுப் பறவையை விடுங்கோ. கறிக்கு உரிச்ச ஊர்ச்சேவலின் ஒரு பக்கச் சிறகில மூண்டு பெரிய இறகு போதும். நடுத்தண்டை நீளவாக்கில பிளந்து, அடியைத் தட்டையாச் சீவி, தடியில மூண்டு பக்கமும் சமதூரத்தில ஒட்டி, இறகின் இழைகளுக்குள்ளால நூலை விட்டு வரிஞ்சு கட்டுங்கோ. முனையை மழுக்கி வைச்சு, ஆள் நடமாட்டமில்லாத வெளியில விட்டுப் பாருங்கோ. முதல்ல இறகில்லாமல் ஒருக்கா, பிறகு இறகோட ஒருக்கா.

அதோட, பட்டம் கட்டத் தெரிஞ்ச, பறி பின்னத் தெரிஞ்ச, கடகம் இழைக்கத் தெரிஞ்ச பெரியாக்கள் உங்கட வீட்டில இருந்தால், எந்த நாரை எப்பிடிக் கிழிக்கிறது, எந்த மாதத்தில வெட்டுறது எண்டு கேட்டு எழுதி வையுங்கோ. அரசன் பங்கு கேட்டதைக் கல்லு காப்பாத்திப்போட்டுது. மற்றதை நாங்கள்தான் எழுதவேணும்.